இறங்குமுன் 30 தரம் மூச்சு வாங்கினால் கூடநேரம் நிற்கலாமா? ஒரு சுழியோடியின் நெஞ்சுக்குள் நடப்பது

கேள்வி வாகரைப் பக்கத்துத் தங்கச்சி ஒருவரிடமிருந்து வந்தது. அவருடைய தம்பிக்கு 22 வயது. சிலிண்டர் இல்லாமல், கண்ணாடியும் காலுக்குத் துடுப்பும் மட்டும் போட்டுச் சுழியோடிச் சங்கும் சிங்க இறாலும் எடுப்பவர். இறங்குமுன் தோணியில் இருந்தபடி 30 தரம் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவாராம். "அப்பதான் நெஞ்சு நிறையக் காத்துப் பிடிக்கும்" என்று கூட்டாளிமார் பழக்கியிருக்கிறார்கள். போன மாதம் ஐந்தாறு பாக ஆழத்திலிருந்து (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) மேலே வரும்போது, நீர்மட்டத்துக்கு ஒரு பாகம் இருக்கையில், கையைக் காலை அடிக்காமல் அப்படியே உணர்வு கெட்டுப் போனார். கூட்டாளிமார் இழுத்துத் தோணிக்குள் போட்டதால் பிழைத்தார். வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்து, நெஞ்சில் ஒரு பிழையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிழை இல்லாத நெஞ்சு ஏன் கைவிட்டது, தான் கலைப்பிரிவில் படித்தவள், அடியிலிருந்து விளங்கப்படுத்துங்கள் என்று கேட்கிறார்.

தங்கச்சி, நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே சொன்னது சரி. உங்கள் தம்பியின் நுரையீரல் நல்ல நுரையீரல்தான். அந்த 30 மூச்சும் அவருக்கு ஒட்சிசனைக் கூட்டிக் கொடுக்கவில்லை. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வை மட்டும் பிந்தி வரச் செய்தன. அந்த உணர்வு வருமுன் மூளைக்கு ஒட்சிசன் முடிந்துவிட்டது. இது ஏன் என்று விளங்க, காற்றுப் போகிற வழியையும், காற்றை இழுக்கிற தசையையும், மூச்சு எடு என்று கட்டளை போடுகிற மூளைப் பகுதியையும் பார்க்கவேண்டும்.

மூக்கில் அதிக நேரம் நிற்கப் போவதில்லை. உள்ளே இழுத்த காற்று மூக்கின் மடிப்பு எலும்புகளைத் தாண்டி, தொண்டையையும் கடந்து நுரையீரலைச் சேருமுன் 37 பாகை வெப்பத்துக்கு வந்து, கொள்ளக்கூடிய அளவு ஈரத்தையும் எடுத்துவிடுகிறது. தூசியில் பெரும்பகுதி மூக்கின் சளியிலேயே ஒட்டிவிடும். கச்சான் காற்று வறட்டி அடிக்கிற மாதங்களில் எங்கள் பக்கத்தில் மூக்கு எரிவதும் தொண்டை காய்வதும் இந்த வேலைக்குத் தண்ணீர் கூடச் செலவாவதால்தான்.

தொண்டைக்குக் கீழே இரண்டு பாதைகள். முன்னால் காற்றுக்குக் குரல்வளையும் வாதனாளி என்கிற பெரிய மூச்சுக்குழலும், பின்னால் சோற்றுக்குக் களம் என்கிற உணவுக்குழாய். விழுங்கும்போது குரல்வளை மேலெழும்ப, மூச்சுக்குழல்வாய் மூடி அதன்மேல் சாய்ந்து காற்றுப் பாதையை மறைக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே சிரித்தால் இந்த ஒழுங்கு குழம்பிப் புரைக்கேறுகிறது. வாதனாளி 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளமானது. C வடிவக் கசியிழைய (குருத்தெலும்பு) வளையங்கள் 16 முதல் 20 வரை அதைத் திறந்தே வைத்திருக்கின்றன. கழுத்தின் முன்பக்கத்தில் விரலால் தடவினால் அந்த வளையங்கள் தட்டுப்படும். நெஞ்சுக்குள் அது வலம் இடமாகப் பிரிகிறது. வலது கிளை இடதைவிட அகலம், குட்டை, நேர் செங்குத்து. அதனால் சின்னப் பிள்ளை கச்சான் கொட்டையை மூச்சோடு இழுத்துவிட்டால் அது பெரும்பாலும் வலப்பக்கம்தான் போகும். எக்ஸ்ரேயில் கச்சான் தெரியாது. கோயில் திருவிழாவில் வாங்கிய கச்சானைத் தின்றுகொண்டு ஓடிய பிள்ளை திடீரென்று இருமத் தொடங்கி, நாட்கணக்கில் ஒருபக்க நெஞ்சு மட்டும் இழுக்கிறது என்றால், எக்ஸ்ரே நல்லம் என்று சொன்னாலும் அந்த இருமல் தொடங்கிய கதையை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். கேள்விக்கு வெளியே போய்விட்டேன், ஆனால் இது சொல்லவேண்டிய விசயம்.

அங்கிருந்து குழாய்கள் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகின்றன, சுமார் 23 தரம். முதல் 16 பிரிவு வரைக்கும் அவை காற்றைக் கொண்டுபோகும் பாதை மட்டும். அங்கே குருதியோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. அதற்குப் பிறகுதான் சிற்றறைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் குறுக்களவு, இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 கோடி முதல் 50 கோடி வரை. எல்லாவற்றின் உட்சுவரையும் விரித்தால் 70 சதுர மீற்றர் வரும், அதாவது 750 சதுர அடி. ஒவ்வொரு சிற்றறையையும் குருதி மயிர்க்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. காற்றுக்கும் குருதிக்கும் நடுவில் இருக்கிற சுவர் ஒரு மில்லிமீற்றரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கு அண்மித்த தடிப்புத்தான்.

சும்மா இருக்கும்போது ஒரு மூச்சில் 500 மில்லிலீற்றர் காற்று எடுக்கிறோம். அதில் சுமார் 150 மில்லிலீற்றர் மூக்கிலும் வாதனாளியிலும் கிளைகளிலும் தங்கிவிடும். சிற்றறைகளைப் புதிதாகச் சேர்வது 350தான். வெளியே விடும்போது பாதையில் நிற்கிற அந்த 150 முதலில் வெளியேறும், சிற்றறையிலிருந்து வரும் கழிவுக் காற்று பாதையை நிரப்பி நிற்கும். அடுத்த மூச்சில் அதுதான் முதலில் உள்ளே திரும்பும். அதனால் மேலோட்டமாக 200 மில்லிலீற்றர் வீதம் குதிரை ஓடின மாதிரி மூச்சு வாங்குபவருக்கு உள்ளே போய்ச் சேருவது வெறும் 50. நிதானமாக ஆழ எடுக்கிற மூச்சு பிரயோசனமானது என்று சொல்வதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம்.

இனி தசை. நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது. அதில் நெஞ்சை விரிக்கிற தசை ஒன்றும் இல்லை. வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் குடை போலக் கவிழ்ந்திருக்கிற பிரிமென்றகடு சுருங்கிக் கீழே இறங்க, விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் விலாவை மேலும் வெளியும் தூக்க, நெஞ்சறையின் கனவளவு கூடுகிறது. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள், நடுவில் துளி நீர். கண்ணாடித் துண்டு இரண்டை நனைத்து ஒட்டினால் இழுத்துப் பிரிக்க முடியாதல்லவா, அதே ஒட்டுத்தான் நெஞ்சுச் சுவர் போகுமிடமெல்லாம் நுரையீரலையும் இழுத்துப் போகிறது. கனவளவு கூட அமுக்கம் குறைகிறது, வெளிக்காற்று உள்ளே வருகிறது. மூச்சை விடுவதற்குச் சாதாரண நேரத்தில் எந்தத் தசையும் உழைப்பதில்லை. விரிந்த நுரையீரல் தன் மீள்தன்மையால் தானாகச் சுருங்குகிறது. பிரிமென்றகட்டை ஆட்டும் நரம்பு புறப்படுவது நெஞ்சிலிருந்தல்ல, கழுத்தின் 3ஆம், 4ஆம், 5ஆம் முண்ணாண் மட்டங்களிலிருந்து. முண்ணாண் என்பது முதுகெலும்புக்குள் ஓடுகிற நரம்புத் தண்டு. வாவிப் பாலத்திலிருந்து ஆழம் தெரியாமல் தலைகீழாகக் குதித்துக் கழுத்து முறிகிற பெடியன்மாருக்குக் கைகால் மட்டுமல்ல, சிலவேளை மூச்சும் நின்றுபோவது அதனால்தான்.

இந்தத் தசையின் பலத்துக்கு ஓர் எல்லை உண்டு. நல்ல திடமான ஆம்பிளை முழுப் பலத்தோடு இழுத்தாலும் சுமார் 100 சென்ரிமீற்றர் நீர் அமுக்கத்தைத்தான் ஈடுகட்டலாம். ஒரு மீற்றர் ஆழத்தில் கிடப்பவரின் நெஞ்சை நீர் அமுக்குவதும் சரியாக அந்த அளவுதான். பிவிசி குழாயை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஆழத்தில் கிடந்து மூச்செடுக்கலாம் என்று சில பெடியன்மார் முயற்சி செய்வதைக் கல்குடாவிலும் பாசிக்குடாவிலும் பார்த்திருக்கிறேன். அரை மீற்றரிலேயே மூச்சிழுக்க நெஞ்சு நோகும், ஒரு மீற்றரில் இழுக்கவே ஏலாது. அதோடு குழாயின் நீளம் முழுவதும் முன்னே சொன்ன அந்த 150 மில்லிலீற்றரோடு சேர்ந்துகொள்ளும். விட்ட காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருப்பார்கள். கடையில் விற்கிற மூச்சுக்குழாய் ஏன் ஒரு முழத்துக்கு மேல் நீளமில்லை என்று கேட்டால் காரணம் இந்த இரண்டும்தான்.

சிற்றறைகளின் உட்சுவரில் இருக்கிற வழுவழுப்பான ஒரு பொருளைப் பற்றியும் இரண்டு வரி சொல்லவேண்டும். நீர் தன் பரப்பைச் சுருக்கப் பார்க்கும். அந்த இழுவை அப்படியே இருந்தால் சின்னச் சிற்றறைகள் சுருங்கி ஒட்டிவிடும். சுவரிலுள்ள ஒருவகைக் கலங்கள் சுரக்கிற அந்தப் பொருள் இழுவையைக் குறைத்து அவற்றைத் திறந்து வைக்கிறது. கருவில் அது போதிய அளவுக்கு வருவது 34, 35 கிழமையளவில். மாதம் முந்திப் பிறக்கிற பிள்ளைகள் மூச்சுக்குக் கஷ்டப்படுவது இதன் குறைவால் என்று மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இல் காட்டினார்கள். உங்கள் தம்பியின் கதைக்கு இது சம்பந்தமில்லை என்றாலும், மூழ்கியவர் குடித்த நீர் நுரையீரலுக்குள் போனால் முதலில் கெடுவது இந்தப் பொருள்தான். அதற்குப் பிறகு வருவேன்.

காற்றுச் சிற்றறையைச் சேர்ந்தபின் நடப்பது எளிய வேலை. வாயுக்கள் அமுக்கம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போகும். கலந்த காற்றில் ஒரு வாயு தன் பங்குக்குக் கொடுக்கிற அமுக்கத்தைப் பகுதியமுக்கம் என்பார்கள், அதை மில்லிமீற்றர் இரசம் என்ற அலகில் அளப்பார்கள். சிற்றறைக் காற்றில் ஒட்சிசனின் பகுதியமுக்கம் சுமார் 100 மில்லிமீற்றர் இரசம், உடலைச் சுற்றி வந்த குருதியில் 40. ஒட்சிசன் குருதிக்குள் போகிறது. உடல் கழிவாக விடுகிற காபனீரொட்சைட்டு குருதியில் 46, சிற்றறையில் 40. அது வெளியே வருகிறது. சும்மா இருக்கும்போது குருதி ஒரு மயிர்க்குழாயைக் கடக்க முக்கால் செக்கன் எடுக்கும். ஒட்சிசன் நிறையக் கால் செக்கன் போதும். கடுமையாக நீந்தினாலும் நேரம் மிச்சம் இருக்கிறது.

இப்போது கூட்டாளிமாரின் கதைக்கு வருவோம். ஒட்சிசனைச் சுமப்பது செங்குழியங்களில் இருக்கிற ஈமோகுளோபின். சுகதேகியான ஒருவர் ஒன்றுமே செய்யாமல் திண்ணையில் குந்தியிருக்கும்போதே அது 97, 98 வீதம் நிறைந்திருக்கிறது. விரலில் மாட்டிப் பார்க்கிற கருவி காட்டுவது இந்த இலக்கத்தைத்தான். 100 மரைக்கால் கொள்கிற பட்டறையில் 98 மரைக்கால் நெல் ஏற்கனவே கிடந்தால், 30 பேர் சாக்கோடு வந்து நின்றாலும் இன்னும் இரண்டு மரைக்காலைத்தான் கொட்டலாம். நெஞ்சும் அப்படித்தான். உங்கள் தம்பியின் நுரையீரல் 6 லீற்றர் கொள்ளும் என்று வைப்போம். கடைசியாக இழுத்து அடக்குகிற ஒரேயொரு மூச்சுத்தான் அதை 6 லீற்றருக்கு நிரப்புகிறது. முதல் 29 மூச்சும் வந்த வழியே வெளியே போய்விட்டன. சிற்றறைக் காற்று கொஞ்சம் புதிதாகி ஒட்சிசன் சிறிது கூடும், அவ்வளவுதான்.

கையிருப்பையும் கணக்குப் பார்க்கலாம். அடக்கிய காற்றில் ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைய ஒட்சிசன், குருதியில் இன்னுமொரு லீற்றருக்குச் சற்றுக் குறைய. உணர்வோடு இருந்துகொண்டு எல்லாவற்றையும் செலவழிக்க முடியாது. சும்மா கிடக்கும் உடல் நிமிடத்துக்கு 250 மில்லிலீற்றர் ஒட்சிசன் செலவழிக்கும். துடுப்படித்து, கல்லைப் புரட்டி, இறாலோடு மல்லுக்கட்டுகிற உடல் அதைப்போல மூன்று நான்கு மடங்கு செலவழிக்கும். அதனால்தான் கரையில் படுத்திருந்து மூன்று நிமிடம் மூச்சடக்குபவர் கீழே வேலை செய்துகொண்டு ஒன்றரை நிமிடம் நிற்கப் படாத பாடு படுகிறார். தம்பி பீடி, சிகரட் பிடிப்பவர் என்றால் இதிலும் ஒரு வெட்டு விழும். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற வேறொரு வாயு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலான பிடிப்போடு ஈமோகுளோபினில் ஒட்டி இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஒட்சிசன் கூடவில்லை என்றால், 30 தரம் மூச்சு வாங்கியபின் கூடநேரம் நிற்க முடிவது எப்படி? முடிகிறது என்பது உண்மைதான், கூட்டாளிமார் பொய் சொல்லவில்லை. விடை காபனீரொட்சைட்டில் இருக்கிறது.

மூச்செடுக்கச் சொல்லும் கட்டளை மூளையின் அடியிலுள்ள நீள்வளைய மையவிழையத்திலிருந்து வருகிறது. நாங்கள் தூங்கும்போதும் நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து தரம் அது வந்துகொண்டே இருக்கும். அந்த இடம் எதைப் பார்த்து மூச்சைக் கூட்டிக் குறைக்கிறது? பலரும் ஒட்சிசனை என்றுதான் நினைப்பார்கள். ஹோல்டேன், பிரீஸ்ட்லி என்ற இருவர் 1905இல் காட்டியது வேறு: சாதாரண வாழ்க்கையில் மூச்சை ஆள்வது காபனீரொட்சைட்டு. அது குருதியிலிருந்து மூளையைச் சுற்றியுள்ள பாய்பொருளுக்குள் இலேசாகப் புகுந்து அமிலத்தைக் கூட்டுகிறது. அந்த அமிலத்தை உணரும் கலங்கள் மூச்செடு, மூச்செடு என்று நெருக்குகின்றன. ஒட்சிசனைப் பார்க்கிற காவலும் உண்டு. தலைக்குப் போகும் நாடி கழுத்தில் இரண்டாகப் பிரியும் இடத்தில், ஓர் அரிசி மணியளவில் அது இருக்கிறது. அதன் வேலையைக் கண்டறிந்ததற்காக கோர்னே ஹேமன்ஸ் 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். ஆனால் அந்தக் காவல் பலமாகச் சத்தம் போடத் தொடங்குவது குருதியில் ஒட்சிசனின் பகுதியமுக்கம் 100இலிருந்து 60க்குக் கீழே விழுந்தபின்தான். அப்போதும் காபனீரொட்சைட்டு குறைவாக இருந்தால் அதன் சத்தம் எடுபடாது.

மூச்சடக்கினால் நெஞ்சு முட்டுவதும், பிரிமென்றகடு தானாகத் துடித்துத் துடித்து இழுப்பதும் காபனீரொட்சைட்டு ஏறுவதன் அடையாளம். அதன் பகுதியமுக்கம் சாதாரணமாக 40இல் தொடங்கி ஏறி, 50க்குக் கிட்ட வரும்போது பெரும்பாலானோருக்குத் தாங்காது. அப்போது உடலில் இன்னும் ஒட்சிசன் கையிருப்பு இருக்கும். மேலே வந்து மூச்செடுக்க அந்த மிச்சம்தான் உதவுகிறது. வேகமாக 30 தரம் ஊதித் தள்ளியவர் காபனீரொட்சைட்டை 20, 25 வரை இறக்கிவிடலாம். இப்போது 50க்கு வர, 10 ஏறவேண்டிய இடத்தில் 30 ஏறவேண்டும். அதற்குள் ஒட்சிசன் முடிந்துவிடும். கீழே இருக்கும்போது தம்பிக்கு என்ன தோன்றியிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்டும் இல்ல அக்கா, சுகமாத்தான் இருந்திச்சு" என்றுதான் பெரும்பாலும் சொல்வார். மூச்சு முட்டாமல், பயமும் வராமல் நேரே மயக்கம் வரும். நீச்சல் தெரியாதவர் கையடித்துத் தத்தளிப்பார், கரையில் நிற்பவருக்குத் தெரியும். இப்படி மயங்குகிற திறமான சுழியோடி எந்தச் சத்தமும் போடமாட்டார். பழகிய ஆட்களுக்கே இது கூட வருவதற்குக் காரணமும் அதுதான்.

ஊதித் தள்ளும்போது அவருக்கு உதடும் விரல் நுனியும் விறைத்து, தலை இலேசாகச் சுற்றுமா என்று கேளுங்கள். ஓம் என்றால், அது காற்று நிறைந்ததன் அடையாளம் அல்ல. காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சிக் குறைந்தால் குருதியில் அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை கூடுகிறது, சுயாதீனமாக இருக்கும் கல்சியம் குறைந்து நரம்பு குறுகுறுக்கிறது, மூளைக்குப் போகும் நாடிகளும் சுருங்குகின்றன. இறங்குமுன்னமே மூளைக்குப் போகிற குருதியைக் குறைத்துக்கொண்டு இறங்குகிறார் என்று சொன்னால் அவருக்கு இன்னும் கெதியாக ஏறும்.

சரி, ஏன் ஆழத்தில் மயங்காமல் நீர்மட்டத்துக்கு ஒரு பாகம் இருக்கும்போது மயங்கினார்? இதுதான் உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் அமுக்கம் ஒரு வளிமண்டலம் கூடும். நீர்மட்டத்தில் ஒன்று, 10 மீற்றரில் இரண்டு. அங்கே அவருடைய நெஞ்சில் இருக்கிற 6 லீற்றர் காற்று 3 லீற்றராகச் சுருங்கும், அதிலுள்ள ஒவ்வொரு வாயுவின் பகுதியமுக்கமும் ஏறத்தாழ இரட்டிக்கும். கீழே நின்று ஒட்சிசனைச் செலவழித்து, அது நெஞ்சுக் காற்றில் 5 வீதத்துக்கு இறங்கிவிட்டது என்று வைப்போம். 10 மீற்றரில் அந்த 5 வீதம் 74 மில்லிமீற்றர் இரச அமுக்கத்தில் இருக்கும். மூளைக்கு அது போதும், அவர் தெளிவாக இருப்பார். மேலே வர வர அமுக்கம் குறைந்து, நெஞ்சு விரிந்து, நீர்மட்டத்தில் அதே 5 வீதம் 36க்கு வந்துவிடும். வருகிற வழியில் துடுப்படிக்கச் செலவான ஒட்சிசனையும் கழித்தால் இன்னும் கீழே. 30க்குக் கிட்ட வந்தால் உணர்வு நில்லாது. சிலவேளை குருதியில் இருக்கிற ஒட்சிசன் நெஞ்சுக் காற்றுக்குத் திரும்பிப் போகிற தலைகீழ் நிலையும் வரும். அமுக்கம் மிக வேகமாக, விகிதப்படி, குறைவது கடைசி 10 மீற்றரில்தான். 20இலிருந்து 10க்கு வரும்போது மூன்றிலிருந்து இரண்டு, 10இலிருந்து மேலே வரும்போது இரண்டிலிருந்து ஒன்று. மயக்கம் மேலே வந்து தலை நீட்டியபிறகும் வரலாம். எடுத்த முதல் மூச்சின் ஒட்சிசன் நெஞ்சிலிருந்து மூளைக்குப் போய்ச்சேரச் சில செக்கன் வேண்டும்.

தம்பிக்கு என்ன சொல்லலாம்? தொழிலை விடு என்று சொல்லிப் பிரயோசனமில்லை, அவர் விடமாட்டார். வேகமாக மூச்சு வாங்குவதை முற்றாக விடச் சொல்லுங்கள். இறங்குமுன் இரண்டு மூன்று நிமிடம் தோணியில் சும்மா இருந்து, உடல் ஆறி, சாதாரணமாக மூச்செடுத்து, கடைசி ஒரு மூச்சை மட்டும் ஆழ எடுத்து இறங்கவேண்டும். கீழே நின்ற நேரத்தைப்போல இரண்டு மடங்காவது மேலே இளைப்பாறவேண்டும். இடுப்பில் ஈயம் கட்டுபவர் என்றால், மேலே மயங்கினால் மிதக்கிற அளவுக்கு மட்டும் கட்டவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், ஒருவர் கீழே இருந்தால் ஒருவர் மேலே இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். தலை நீட்டியபிறகும் அரை நிமிடம் கண்ணை எடுக்கக்கூடாது. இரண்டுபேரும் ஒரேநேரத்தில் இறங்குவது ஒருவர் தனியே இறங்குவதைப் போன்றதுதான். இந்த அரை நிமிடக் காவலைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன், உங்கள் தம்பி இன்றைக்கு உயிரோடு இருப்பதும் அதனால்தான்.

இன்னொன்று. எக்ஸ்ரே எடுத்தார்கள் என்றீர்கள், இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிகிற ஈசீஜீ எடுத்தார்களா? நீருக்குள் மயங்கிய எல்லாருக்கும் காரணம் மூச்சு என்று முடிவு கட்டக்கூடாது. இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவியிலேயே உள்ள ஒருவகைக் கோளாறு, நீந்தும்போது இதயத் துடிப்பைக் குழப்பி மயக்கும். அது ஈசீஜீயில் பெரும்பாலும் பிடிபடும். குடும்பத்தில் இளவயதில் திடீரென்று செத்தவர்கள், நீரில் காரணம் தெரியாமல் மூழ்கியவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சிலிண்டர் போட்டு இறங்கினால் பயமில்லைதானே என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். அங்கே சட்டம் தலைகீழ். சிலிண்டர் கொடுக்கிற காற்று அந்த ஆழத்தின் அமுக்கத்தில் இருக்கும். 10 மீற்றரில் 6 லீற்றர் நிறைய இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது 12 லீற்றராகப் பார்க்கும். நெஞ்சு கிழியும், கிழிந்த இடத்தால் காற்றுக் குமிழி குருதிக்குள் போய் மூளையை அடைக்கும். மூச்சடக்கிச் சுழியோடுபவர் அடக்கினபடியே வரலாம், சிலிண்டர்காரர் ஒருபோதும் அடக்கக்கூடாது, விட்டுக்கொண்டே வரவேண்டும். ஒரு தொழிலில் பழகியவர் மற்றதற்கு மாறும்போது இந்தப் பழக்கமே ஆளைக் கொல்லும். அதோடு நைதரசன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் ஆறு வளிமண்டல அமுக்கத்தில் மூச்செடுக்கிறார்கள். அந்த அமுக்கத்தில் நைதரசன் குருதியிலும் கொழுப்பிலும் கரைந்து, குடித்தவரைப் போல் புத்தியை மந்தமாக்கும். கெதியாக மேலே வந்தால் கரைந்தது குமிழியாகி மூட்டை நோகவைக்கும், முண்ணாணைத் தாக்கிக் காலை வழங்காமல் செய்யும். சங்குக்கும் கடலட்டைக்கும் ஒருநாளில் சிலிண்டர் மேல் சிலிண்டராக மாற்றி இறங்குகிற எங்கள் பெடியன்மார்தான் இதில் கூட மாட்டுப்படுகிறார்கள். அப்படி வந்தவருக்கு வேண்டியது, ஆளை உள்ளே வைத்து அமுக்கத்தைக் கூட்டி மெல்லக் குறைக்கிற அமுக்க அறை. திருகோணமலைக் கடற்படையிடம் அது இருக்கிறது. எண்ணெய் பூசி உருவிக்கொண்டு வீட்டில் கிடத்தினால் நேரம்தான் போகும்.

கடைசியாக, இப்படி ஒருவரைத் தோணிக்குள் இழுத்துப் போட்டபின் செய்யவேண்டியது. தலைகீழாகத் தூக்கிப் பிடிப்பது, வயிற்றை அமத்தித் தண்ணீர் எடுப்பது எல்லாம் எங்கள் கரையில் இன்னும் நடக்கிறது. செய்யாதீர்கள். வயிற்றில் இருக்கும் சோறும் நீரும் மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, நாடியை (தாடையை) நிமிர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து தரம் ஊதவேண்டும், நெஞ்சு உயர்கிறதா என்று பார்த்துக்கொண்டு. மேலே வரும்போது மயங்கியவருக்குப் பலவேளை இந்த ஊதல் மட்டுமே போதுமாக இருக்கும், ஏனென்றால் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். நாங்கள் விடுகிற காற்றில் என்ன கிடக்கிறது என்று யோசிக்கவேண்டாம். இழுக்கிற காற்றில் 21 வீதம் ஒட்சிசன், விடுகிறதில் இன்னும் 16 வீதம் இருக்கிறது. அசைவோ மூச்சோ வராவிட்டால் நெஞ்சின் நடுவில் 30 தரம் அழுத்தி, இரண்டு தரம் ஊதி, மாறி மாறிச் செய்யவேண்டும். 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், கரைக்கு வருமுன்னமே அழையுங்கள். ஆள் எழும்பி இருந்து கதைத்தாலும், நீர் குடித்து இருமுகிறார் என்றால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். முன்னே சொன்ன அந்த வழுவழுப்பான பொருளை நீர் கழுவிவிட்டிருந்தால், சிற்றறைகள் மணித்தியாலக் கணக்கில் ஒவ்வொன்றாகச் சுருங்கி, மூச்சுத்திணறல் பிந்தித்தான் வரும். ஆறேழு மணித்தியாலம் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள், "எனக்கு ஒண்டும் இல்ல" என்று அவர் சொல்வதைக் கேட்டு வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள்.